கைக்குழந்தையோட ஃப்ரெண்ட் மதிய சாப்பாட்டுக்கு வர்றா, சிம்பிளா என்ன சமைக்கலாம்?

அழகாபுரம் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வர்ற ஞாயித்துக்கிழமை என் காலேஜ் ஃப்ரெண்டு, அவ வீட்டுக்காரர், அவ அம்மா மூணு பேரும் எங்க வீட்டுக்கு மதியம் சாப்பிட வர்றாங்க, கூட மூணரை மாச பையன். பிரசவத்துக்கு ஈரோட்டுல அம்மா வீட்டுக்கு வந்தவ இப்பதான் பெங்களூர் திரும்பிப் போறா, எப்படியும் சேலம் தாண்டித்தானே போகணும், "உன் வீட்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்து சாப்பிட்டு, தம்பிக்குப் பால் குடுத்துட்டு கிளம்பறோம்டி"ன்னு அவளே கேட்டா. எனக்கு சந்தோஷம் தாங்கல, குழந்தைய இதுவரைக்கும் வீடியோ கால்லதான் பாத்திருக்கேன்.

நேத்துல இருந்து மெனு போடறதும் அழிக்கறதுமா இருக்கேன். முதல்ல மட்டன் பிரியாணி, சிக்கன் 65, ரசம், பாயசம்னு எழுதினேன். ஆனா சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் எனக்கு ஆபீஸ் இருக்கு, வீட்டுல ரெண்டு பர்னர் அடுப்புதான், அவங்க 12 மணிக்கு வர்றோம்னு சொல்றாங்க ஆனா குழந்தையோட கிளம்பறதுனால 2 மணி கூட ஆகலாம்னு அவளே சொல்லிட்டா. அவ அம்மா வேற இன்னும் பத்தியம் பாக்கறவங்க, எது குடுக்கலாம் எது குடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியல, எங்களுக்கு இன்னும் குழந்தை இல்ல. எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டதும் அப்படியே ஏற்காடு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போலாம்ங்கறார். குழந்தை பெத்தவங்க, குழந்தையோட விருந்தாளிய கூப்பிட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

அஸ்தம்பட்டி அம்மா:

பிரியாணிய விட்டுடுங்க சிஸ்டர். காரணம் சொல்றேன். என் பொண்ணுக்கு ரெண்டரை மாசம் இருக்கும்போது ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்கு விருந்துக்குப் போனோம், அவங்க பாவம் காலையில இருந்து கஷ்டப்பட்டு பிரியாணி செஞ்சு, சரியா தம் உடைச்சு எல்லாருக்கும் இலை போட்ட நேரம் பாத்து பாப்பா அழ ஆரம்பிச்சுது. உள்ள ரூம்ல உக்காந்து பால் குடுத்து, ஏப்பம் எடுத்து, தூங்க வச்சு நான் வெளிய வர்றப்ப மூணரை மணி. சோறு ஜில்லுனு ஆயிடுச்சு, கறியில நெய் உறைஞ்சு போச்சு, மத்தவங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சு பீடா போட்டுட்டு இருக்காங்க. பாப்பாவ தோள்ல போட்டுக்கிட்டு ஒத்தக் கையில எலும்புல இருந்து கறி பிரிச்சு எடுக்க முடியாம சோத்த மட்டும் சாப்பிட்டேன். யாரையும் குறை சொல்லல, அவங்களுக்கும் தெரியல, எனக்கும் வாயத் திறந்து கேக்கத் தெரியல.

அதனால நான் பாக்கறது ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரு மணி நேரம் லேட்டானாலும் ருசி மாறாம இருக்கணும். ரெண்டாவது, ஒத்தக் கையில, முடிஞ்சா ஸ்பூன்ல சாப்பிடற மாதிரி இருக்கணும். எலும்பு, முள்ளு, பிரிச்சு உரிச்சு சாப்பிடறது எதுவும் வேண்டாம். 65 வறுக்கறதும் வேண்டாம், சின்ன வீட்டுல எண்ணெய் புகை குழந்தைக்கு ஆகாது, நீங்களும் அவங்க இருக்கற ரெண்டு மணி நேரமும் அடுப்புகிட்டயேதான் நிப்பீங்க.

இன்னொண்ணு, எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடணும்னு நினைக்காதீங்க. அவ உள்ள வந்ததும் "தம்பி எப்ப பால் குடிச்சான்"னு மட்டும் கேளுங்க. இப்பதான் குடிச்சு தூங்கறான்னா மணி 12 ஆனாலும் சரி 11.30 ஆனாலும் சரி அவளுக்கு உடனே சுடச்சுட தட்டு வச்சிடுங்க, நீங்க பக்கத்துல உக்காந்து பேசுங்க. மத்தவங்க அப்புறம் சாப்பிடலாம்.

அம்மாபேட்டை பாட்டி:

கண்ணு, அரிசி பருப்பு சாதம் வச்சிடு. நம்ம கொங்கு சைடுல இதத் தெரியாத வீடு கிடையாது, ஈரோட்டுக்காரங்களுக்கும் அது வாய்க்கு ஒத்த சாப்பாடு. பிரசவமான பொண்ணுக்கு பூண்டும் பருப்பும் நெய்யும் ஒரே சட்டியில போயிடும், உனக்கும் ஒரு குக்கரோட வேலை முடிஞ்சுது.

அஞ்சு பேருன்னா ரெண்டு டம்ளர் சாப்பாட்டு அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊற வை. குக்கர்ல எண்ணெயும் ஒரு கரண்டி நெய்யும் ஊத்தி கடுகு, சீரகம், வரமிளகாய் மூணு, கறிவேப்பிலை போட்டு தாளிச்சு, சின்ன வெங்காயம் ஒரு இருபது நறுக்கிப் போடு, பூண்டு பதினஞ்சு பல்லு முழுசாவே போடு, நறுக்காத. தக்காளி ரெண்டு, மஞ்சத்தூள், உப்பு, கொஞ்சமா மிளகாத்தூள், வதங்கினதும் அரிசி பருப்ப போட்டு ஏழு டம்ளர் தண்ணி. கொழகொழன்னு இருந்தாத்தான் நல்லாருக்கும், பொலபொலன்னு வேண்டாம். நாலு விசில், அடங்கினதும் தேங்காத் துருவல் ஒரு கை, கொத்தமல்லி, மேல நெய். அவங்க லேட்டா வந்தா இறுகிப் போயிருக்கும், பயந்துக்காத, அரை டம்ளர் வெந்நீர் ஊத்திக் கிளறினா திரும்பியும் புதுசா வடிச்ச மாதிரி ஆயிடும். ஒரே ஒரு விஷயம், குழந்தை வந்து தூங்கறப்ப விசில் அடிக்க விடாத, தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சிடும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே இறக்கி வச்சிடு. மிக்ஸி வேலையும் அப்படித்தான்.

தொட்டுக்க முருங்கைக்கீரை பொரியல், உழவர் சந்தைல காலையில போனா பச்சையா கிடைக்கும். ஒரு புடலங்கா கூட்டு, அப்பளம். போதும் கண்ணு. பால் குடுக்கற பொண்ணுக்கு தயிர் வேண்டாம், உருளை வாயு, மாம்பழம் சூடு, குழந்தைக்கு மாந்தம் வந்துடும், இந்த மூணையும் தள்ளி வை. கடைசியில ஜவ்வரிசி பாயசம் ஒரு டம்ளர் குடு, குச்சிக்கிழங்கு விளையற ஊரு நாம, நம்ம சேலத்து ஜவ்வரிசி இல்லாம விருந்து என்ன விருந்து. பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி வாங்கு, மாவு ஜவ்வரிசி வடாத்துக்குத்தான் சரி.

அழகாபுரம் பொண்ணு:

பாட்டி ரொம்ப நன்றி, அளவெல்லாம் எழுதி வச்சுக்கிட்டேன். மனசுல இருக்கறத கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "முதல் தடவை குழந்தையோட வாசப்படி ஏறி வர்றவங்களுக்கு கலந்த சோறு போடறதா, வடை பாயசத்தோட இலை போட வேண்டாமா, அவ அம்மா என்ன நினைப்பாங்க"ன்னு கேட்டாங்க. எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு.

சூரமங்கலம் அப்பா:

சிஸ்டர், நான் ஆம்பளை பக்கத்துல இருந்து சொல்றேன். எங்க பையனுக்கு இப்ப எட்டு மாசம். முதல் நாலு மாசத்துல நாங்க போன வீடுகள்ல எந்த வீட்டு சாப்பாடு ஞாபகம் இருக்குன்னு யோசிச்சா, என் ஒய்ஃப் ஒரே ஒரு வீட்டத்தான் சொல்லுவா. அங்க போட்டது வெறும் தக்காளி சாதமும் முட்டையும். ஆனா அந்த வீட்டு அண்ணன், நாங்க உள்ள போனதும் சோப்பு போட்டு கை கழுவிட்டு வந்து "குடுங்க, நான் வச்சுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடுங்க"ன்னு பையன வாங்கிக்கிட்டு பால்கனியில நடந்துட்டே இருந்தாரு. குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே டேபிள்ல சாப்பிட்டது அன்னைக்குத்தான். என் ஒய்ஃபுக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதனால உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, இலை போடறதும் மரியாதைதான், பெத்தவ சூடா சாப்பிட்டு எந்திரிக்கறதும் மரியாதைதான், இப்போதைக்கு அவளுக்கு ரெண்டாவதுதான் வேணும். உங்க வீட்டுக்காரர் முன்னாடியே சாப்பிட்டுட்டு குழந்தைய வாங்கிக்கற வேலைய எடுத்துக்கட்டும்.

வழிக்கும் ஏதாவது கட்டிக் குடுங்க. சேலத்துல இருந்து பெங்களூர் 200 கிலோமீட்டர், தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர்னு குழந்தைக்காக நிறுத்தி நிறுத்திப் போனா அஞ்சு மணி நேரம் கூட ஆகும். வீட்டுக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு அடுப்பு பத்த வைக்கற தெம்பு அவங்களுக்கு இருக்காது. நல்லெண்ணெய் ஊத்தி ரெண்டு பக்கமும் பொடி தடவின இட்லி ஒரு டப்பா, புளிசாதம் ஒரு டப்பா, அவ்வளவுதான். சின்ன சின்ன இட்லியா ஊத்தினா வண்டியிலயே ஒரு கையில எடுத்து வாயில போட்டுக்கலாம். டப்பாவ திருப்பிக் குடுக்கணும்ங்கற கவலை அவங்களுக்கு வேண்டாம், பழைய ஐஸ்கிரீம் டப்பா எதுலயாவது குடுங்க.

நாகலூர் ரோடு:

நான் ஏற்காட்டுல இருக்கேன். அண்ணன்கிட்ட தயவு பண்ணி சொல்லுங்க, அன்னைக்கு மேல கூட்டிட்டு வர வேண்டாம். ஊருக்கு வர்றவங்கள வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல நான், ஆனா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிட்டு அதே நாள் பெங்களூர் வண்டிங்கறது மூணரை மாச குழந்தைக்கும் பெத்தவளுக்கும் பெரிய அலைச்சல். 1500 மீட்டர் உயரத்துல இருக்கற ஊருக்கு ஏறும்போது பெரியவங்களுக்கே காது அடைக்கும், நாம எச்சில் முழுங்கிக்குவோம், குழந்தைக்கு அது தெரியாது, வலியில கத்தும். ஏறும்போதோ இறங்கும்போதோ பால் குடிச்சா சரியாகும், ஆனா ஓடற வண்டியில மடியில வச்சு பால் குடுக்கறது சேஃப் இல்ல, வளைவுல ஓரங்கட்டி நிறுத்தினா குரங்கு வந்துடும். வயிறு நிறைய சாப்பிட்டுட்டு மலை ஏறினா பெரியவங்களுக்கும் வாந்தி.

தனியா ஒரு தடவை வந்து ராத்திரி தங்கற மாதிரி பிளான் பண்ணுங்க. போன டிசம்பர்ல என் ஃப்ரெண்டு ரெண்டு மாச பாப்பாவோட வந்து ரெண்டு நாள் தங்கினா. இங்க தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடறதுனால திறந்த பாத்திரத்துல பருப்பு லேசுல வேகாது, குக்கர்தான், அதனால பருப்பெல்லாம் முந்தின நாளே வேக வச்சு எடுத்து வச்சுட்டேன். அவளுக்குப் பிடிச்சது மிளகு போட்ட கோழி ரசம்தான், எலும்ப எடுத்துட்டு கறிய மட்டும் பிச்சுப் போட்டு ஒரு பெரிய ஃப்ளாஸ்க்ல ஊத்தி அவ கட்டில் பக்கத்துலயே வச்சிட்டேன். ராத்திரி 2 மணிக்குப் பால் குடுக்க எந்திரிச்சப்ப கப்புல ஊத்திக் குடிச்சிருக்கா. உங்க ஊர் வெயில்ல அத செய்ய முடியாது, ஆனா ஃப்ளாஸ்க் ஐடியாவ எடுத்துக்கோங்க, ரசமோ பாலோ ஊத்தி அவ கைக்கு எட்டற மாதிரி வச்சிடுங்க, ஒவ்வொண்ணுக்கும் உங்கள கூப்பிட அவளுக்குக் கூச்சமா இருக்கும்.

வார்டு அக்கா:

பிரசவ வார்டுல 14 வருஷமா நர்ஸ் வேலை பாக்கறேன். பாட்டி சொன்ன சாப்பாடு அருமையான சாப்பாடு, அதுல ஒரு மாத்தமும் வேண்டாம். அந்த மூணு விஷயத்துல மட்டும் பெரியவங்க மன்னிக்கணும், நான் வேற மாதிரி சொல்றேன். அம்மா சாப்பிட்ட உருளைக்கிழங்கோட வாயு அவங்க குடல்லயேதான் இருக்கும், அது பாலுக்குள்ள போறதுக்கு வழி இல்ல. தயிரும் மாம்பழமும் சாதாரணமா சாப்பிடலாம். சில குழந்தைங்களுக்கு மட்டும் அவங்க அம்மா மாட்டுப்பால், தயிர் சாப்பிட்டா ஒத்துக்காம போகும், அப்படி இருந்தா டாக்டர் சொல்லியிருப்பாங்க, அத உங்க ஃப்ரெண்டுகிட்ட முன்னாடியே போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வார்டுல நான் பாத்த வரைக்கும் பிரசவமானவங்க கஷ்டப்படறது அதிகமா சாப்பிட்டு இல்ல, அத சாப்பிடாத இத சாப்பிடாதன்னு வெறும் ரசஞ்சோறா குடுத்து குடுத்து தெம்பு இல்லாம போறதுலதான். ஆனா அவங்க அம்மா முன்னாடி இத ஒரு வாதமா பண்ணாதீங்க. எல்லாத்தையும் டேபிள்ல வச்சிடுங்க, அவ எடுத்துக்கட்டும்.

தண்ணி ரொம்ப முக்கியம். பால் குடுக்க உக்காந்த உடனே தொண்டை வறண்டு தாகம் எடுக்கும், எந்திரிச்சுப் போய் எடுக்க முடியாது. ஒரு சொம்பு தண்ணி அவ பக்கத்துல இருக்கணும். காபி ஒண்ணு ரெண்டு கப் குடிச்சா ஒண்ணும் ஆகாது.

குழந்தை விஷயம்: ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம். ஆசையில பாயசத்த விரல்ல தொட்டு நாக்குல வைக்கறது, தேன் தடவறது, யாரு செஞ்சாலும் நீங்க வீட்டுக்காரங்களா நின்னு தடுத்துடுங்க. தேன் ஒரு வயசு முடியற வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமி குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து ஆகலாம். யாருக்காவது சளி, இருமல் இருந்தா அன்னைக்கு குழந்தைய தூக்க வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் போடாதீங்க. எடுத்து வச்ச தாய்ப்பால் ஏதாவது கொண்டு வந்தா ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு காலியா வச்சுக்குடுங்க, கதவுல வைக்காம உள்ள தள்ளி வைக்கணும்.

அம்மாபேட்டை பாட்டி:

நர்ஸம்மா சொன்னா சரிதான் கண்ணு, நாங்க எங்க மாமியா சொன்னத கேட்டு வளந்தோம். தேன் விஷயம் எனக்குப் புதுசு, எங்க வீட்டுல எல்லா குழந்தைக்கும் தொட்டு வச்சிருக்கோம், இனிமே வைக்க மாட்டோம். உருளை வறுவல் வேணும்னா செஞ்சுக்கோ. தூளி கட்டற கொக்கி வீட்டுல இருக்கா? இல்லன்னா கட்டில்ல வேண்டாம், கீழ பாய் மேல மெத்தைய விரிச்சு, ரப்பர் ஷீட் போட்டு, துவைச்ச பருத்திச் சேலைய விரிச்சிடு.

அஸ்தம்பட்டி அம்மா:

ஒரு யோசனை சொல்றேன், உங்க அம்மாவுக்கும் மனசு நிறையும். தட்டுவடை செட். சேலம் வந்துட்டு அது சாப்பிடாம போறதா. தட்டுவடை கடையில வாங்கிடுங்க, காலையிலயே கேரட், பீட்ரூட், வெங்காயம் துருவி வச்சு, ரெண்டு சட்னி அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, அவளுக்கு மட்டும் காரச் சட்னி கம்மியா. வந்ததும் ரெண்டு நிமிஷத்துல அடுக்கிக் குடுத்துடலாம், அவ ஒத்தக் கையிலயே வாயில போட்டுக்கலாம். அப்புறம் இப்ப மாம்பழ சீசன் வேற, மல்கோவா ரெண்டு நறுக்கி ஃபோர்க் குத்தி வச்சிடுங்க.

அழகாபுரம் பொண்ணு:

நேத்து வந்துட்டுப் போனாங்க, எல்லார்கிட்டயும் சொல்லணும்னு ஓடி வந்தேன்.

12 மணின்னு சொன்னவங்க 1.20க்கு வந்தாங்க, பவானி தாண்டினதும் தம்பி அழுது வண்டிய நிறுத்தி பால் குடுத்துட்டு வந்திருக்காங்க. உள்ள நுழையும்போது நல்ல தூக்கம். நான் குசலம் கூட முழுசா கேக்கல, அரிசி பருப்பு சாதம் வெந்நீர் ஊத்தி ரெடியா இருந்துச்சு, அப்படியே நெய் விட்டு கிண்ணத்துல போட்டு ஸ்பூனோட அவ கையில குடுத்துட்டேன். அவ என்ன பாத்தா, கிண்ணத்த பாத்தா, "நீ சாப்பிடலையா"ன்னு கேட்டா, நான் அப்புறம்னேன். அவ்வளவுதான், பேசவே இல்ல, ரெண்டாவது தடவையும் வாங்கி சாப்பிட்டா. அவ அம்மா முருங்கைக்கீரைய பாத்ததும் "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா"ன்னு கேட்டாங்க, அம்மாபேட்டையில ஒரு பாட்டின்னு சொன்னேன். தயிரும் மாம்பழமும் டேபிள்ல இருந்துச்சு, அவ எடுத்தா, அவங்க பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல.

தம்பி எந்திரிச்சப்ப எங்க வீட்டுக்காரர் சூரமங்கலம் அண்ணன் சொன்ன மாதிரியே கை கழுவிட்டு வந்து நின்னாரு. முதல்ல பிடிக்கத் தெரியல, அவ வீட்டுக்காரர் கழுத்துக்குக் கீழ கை வைக்கச் சொல்லிக் குடுத்தாரு. அப்புறம் முக்கால் மணி நேரம் குடுக்கவே இல்ல, ஹால்ல இருந்து கிச்சனுக்கும் கிச்சன்ல இருந்து ஹாலுக்கும் நடந்துட்டே இருந்தாரு. அந்த நேரத்துல அவளும் நானும் மொட்டை மாடிப் படிக்கட்டு நிழல்ல உக்காந்து காபி குடிச்சோம், ஹாஸ்டல்ல பண்ணின மாதிரி. பிரசவத்தன்னைக்கு எவ்வளவு பயந்தான்னு அப்பதான் சொன்னா, போன்ல ஒரு தடவை கூட சொன்னதில்ல.

ஏற்காடு தீபாவளி கழிச்சு, நாகலூர் ரோடு அக்கா, ரெண்டு நாள் தங்கற மாதிரி பேசி வச்சிருக்கோம். நாலரைக்குக் கிளம்பினாங்க, இட்லி டப்பா, புளிசாதம், ஒரு அட்டைப்பெட்டி மாம்பழம் ஏத்தி விட்டேன். ராத்திரி 9.40க்கு மெசேஜ் போட்டிருந்தா, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி பின் சீட்டுல உக்காந்து தம்பிக்குப் பால் குடுத்துட்டே ஆறு இட்லி சாப்பிட்டாளாம், பொடி எங்க வாங்கினேன்னு கேட்டிருக்கா. அது எங்க அம்மா அரைச்சது.